தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் நம் ஆலயத்து ஆர்மோனியமும்

மலர்க் குழுவினர் சபையின் இசை ஊழியத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். கர்த்தர் கொடுத்த வாய்ப்பு என்றே அதை ஏற்றுக்கொண்டேன். ராசா, கெர்லிங், கலும்பாங், பத்தாங்காலி வட்டாரத் தோட்டங்களிலிருந்து நம் முன்னோர் ஆராதனைக்கு வந்து சேர்ந்த விதத்தையும், சபையைக் கட்டி எழுப்பிய மூப்பர்களின் தொண்டையும் என்னிலும் தகுதி உள்ளவர்கள் இம்மலரில் எழுதுகிறார்கள். 1883-இல் அணை உடைந்து பழைய கோலா குபு அழிந்ததும், பின்பு ஊரே மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்ததும் இங்குள்ள சிறுபிள்ளைக்கும் தெரிந்தவை. ஆகவே அவற்றுள் நுழையாமல், நம் பாடகர் குழுவினரும் ஆர்மோனியம் வாசிப்பவர்களும் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு பெரியவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் தஞ்சாவூர் ராவ் சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பி அயலூரில் குடியேறியவர், பாடசாலை வாத்தியார், சித்த வைத்தியர், கர்த்தரைப் பாடிய சாகித்தியகர்த்தா, வீட்டையே சங்கீதப் பள்ளிக்கூடமாக்கிய ஆசான். தமிழிசையின் அடிப்படைக் கணக்கை எழுதி நிறுவியவரும் அவரே.

தேவாலயப் பிரதிஷ்டை

இசை ஊழியம் என்றதும் நான் முதலில் திருப்புவது இரண்டாம் நாளாகமம் 5-ஆம் அதிகாரத்தைத்தான். சாலொமோன் ஆலயத்தைக் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்கிறான். ஆசாப், ஏமான், எதுத்தூன் வகையைச் சேர்ந்த லேவியர் மெல்லிய புடவை தரித்து, கைத்தாளங்களோடும் தம்புருகளோடும் சுரமண்டலங்களோடும் பலிபீடத்துக்குக் கிழக்கே நிற்கிறார்கள். அவர்களோடு பூரிகை ஊதும் ஆசாரியர் 120 பேர். இத்தனை பேரும், இத்தனை வாத்தியங்களும் ஒரே சத்தமாய் ஒலித்தபோதுதான் கர்த்தருடைய மகிமை மேகமாய் இறங்கி ஆலயத்தை நிரப்பிற்று என்று வேதம் சொல்கிறது. பலி செலுத்தியாயிற்று, பெட்டி மகா பரிசுத்த ஸ்தலத்தில் வைக்கப்பட்டாயிற்று. ஆனாலும் மேகம் இறங்கியது, பாட்டு ஒன்றுபட்ட பிறகே. சுருதி சேர்வதை இவ்வளவு உயர்வாகச் சொன்ன இடம் வேதத்தில் வேறு இல்லை என்பது என் துணிபு.

இதற்குத் துணையாக முதலாம் நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தையும் வைத்துப் படிக்க வேண்டும். தாவீது ராஜா கர்த்தரைப் பாடும் பாட்டுகளைக் கற்றுத் தேர்ந்த 288 பேரைப் பிரித்து வைக்கிறான். முறை வரிசைக்குச் சீட்டுப் போடும்போது பெரியவன் என்றும் சிறியவன் என்றும் பாராமல், ஆசான் என்றும் மாணாக்கன் என்றும் பாராமல் சரிசமமாகப் போட்டார்கள். பாடுகிறவன் கற்றவனாய் இருக்க வேண்டும். கற்றவன் கற்பிக்கிறவனாய் இருக்க வேண்டும். இருவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இந்த மூன்று கட்டளைகளையும் தம் வாழ்வில் கைக்கொண்டவராகவே பண்டிதரை நான் பார்க்கிறேன்.

சாம்பவர் வடகரையிலிருந்து தஞ்சைக்கு

1859 ஆகஸ்ட் 2-ஆம் நாள் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் முத்துசாமி நாடாருக்கும் அன்னம்மாளுக்கும் பிறந்தார். ஆசிரியப் பயிற்சிக்குத் திண்டுக்கல் போனார். அங்கே சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றுக்கொண்டார். கிறிஸ்தவப் பள்ளியில் பயின்ற இளைஞர் ஊர் வித்துவானிடம் போய் உட்கார்ந்து சரளி வரிசை தொடங்கியது அந்தக் காலத்தில் எளிய காரியம் அல்ல. பிற்காலத்தில் அவர் எழுதிய இசை நூலின் 1,346 பக்கங்களுக்கு வித்து அந்தப் பிடில்தான்.

திண்டுக்கல்லில் இருந்தபோதே மூலிகை ஆர்வம் அவரைச் சுருளிமலைக்கு இழுத்துச் சென்றது. அங்கே கருணானந்தர் என்னும் முனிவரிடம் மருந்து முறைகளைப் பெற்றார். குருவை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. தஞ்சையில் வாங்கிய நிலத்துக்குக் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். மருந்துகளுக்குக் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்று பெயர். இசை நூலுக்கும் கருணாமிர்த சாகரம் என்று பெயர். தம் விசுவாசத்தில் அணுவளவும் தளராத ஒரு கிறிஸ்தவர், மலைக்குகையில் தமக்குக் கற்பித்த முனிவருக்கு இத்தனை நன்றியோடு இருந்தார். நன்றி மறவாமை நம் வேதத்துக்கும் வள்ளுவத்துக்கும் பொதுவான தர்மம். அதை நம் பிள்ளைகள் பண்டிதரிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும்.

ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தபின் 1880-களின் தொடக்கத்தில் இருவரும் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார்கள். லேடி நேப்பியர் பெண்கள் பாடசாலையில் அம்மையார் தலைமையாசிரியை, கணவர் தமிழாசிரியர். 1890-இல் வேலையை விட்டு முழுநேர வைத்தியரானார். கோரோசனை மாத்திரை அவருக்குப் பேரும் பொருளும் தந்தது. அவருடைய தோட்டத்தைப் பார்க்கச் சென்னை ஆளுநர் சர் ஆர்தர் லாலி வந்துபோனதும், 1909-இல் ராவ் சாகிப் பட்டம் கிடைத்ததும் அந்நாள் சிறப்புகள். என் மனத்தில் நிற்பது வேறு: வந்த பணத்தை அவர் செலவிட்ட விதம். பழைய ஏடுகள், இசை நூல்கள், வீணைகள், அச்சுக்கூடம், வித்துவான்களை வரவழைக்கும் செலவு என்று அத்தனையும் சங்கீதத்துக்கே போயிற்று.

திருநெல்வேலிக்காரர் ஒருவர் தஞ்சைக்கு வந்து கிறிஸ்தவ இசைக்கு அடித்தளம் போட்டது இது முதல் தடவை அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன்னே, 1774-இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரைச் சுவார்ட்ஸ் ஐயர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகத் தஞ்சைக்கு அழைத்துவந்தார். அதே ஐயரின் நிழலில் வளர்ந்த இளவரசர்தான் பிற்பாடு சரபோஜி மன்னராகி 1832 வரை ஆண்டார். ஒரே குருவிடம் வளர்ந்த இருவருள் ஒருவர் அரியணையிலும் மற்றவர் பாட்டுப் பீடத்திலும் அமர்ந்தது தேவ சித்தம் அன்றி வேறென்ன? பெத்லகேம் குறவஞ்சியும் எண்ணற்ற கீர்த்தனைகளும் சாஸ்திரியார் தந்த சொத்து. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853-இல் அச்சிட்ட கீர்த்தனைத் தொகுப்புக்குச் சாஸ்திரியாரின் பாடல்களே முதுகெலும்பு. இன்று நாம் கையில் வைத்திருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகமும் தாளமும் அச்சாகியிருப்பது அந்த வழி வந்த வழக்கம். சங்கராபரணம், ரூபகம் என்று சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வரியை நம்மில் பலர் படிக்காமலே பாடுகிறோம். இனியாவது அதைப் படித்துவிட்டுப் பாடத் தொடங்குவோம்.

ஹாலே நகரத்து இருவர்

இவ்விடத்தில் சற்று விலகி ஐரோப்பாவுக்குப் போய் வர வாசகர் அனுமதிக்க வேண்டும். ஆலயத்தில் ஆர்கன் வாசித்து, சாகித்தியம் செய்து, சங்கீதம் கற்பித்து, அயல்நாட்டில் குடியேறி வாழ்ந்தவர் என்றால் உலகம் முதலில் நினைப்பது ஹாண்டேலைத்தான். 1685-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பிறந்தார். 1702-இல் பதினேழு வயதில் அவ்வூர்ப் பேராலயத்தின் ஆர்கன் வாசிப்பவராக அமர்ந்தார். ஓராண்டில் அதை விட்டு ஹாம்பர்க் போய், இத்தாலி போய், கடைசியில் லண்டனில் நிலைத்தார். 1727-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். அரச குடும்பத்து இளவரசிகளுக்குச் சங்கீத ஆசிரியராகவும் இருந்தார். மேசியா என்ற பெரும்படைப்பை 1741-இல் 24 நாளில் எழுதி முடித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் டப்ளினில் அது அரங்கேறியது. முதுமையில் கண்பார்வை முற்றிலும் போனபின்னும் ஆர்கன் முன்னால் உட்காருவதை அவர் விடவில்லை.

ஹாண்டேல் ஹாலேயை விட்டுப் புறப்பட்ட அதே 1703-இல் இன்னோர் இளைஞர் அவ்வூருக்குப் படிக்க வந்தார். அவர் பெயர் சீகன்பால்க். 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி, ஜெர்மன் ராகத்தில் தமிழ் ஞானப்பாட்டை நம் மக்கள் வாயில் வைத்தவர். அவருக்குப் பின் வந்த பப்ரிஷியுஸ் ஐயர் அந்த ஊழியத்தைப் பெரிதாக வளர்த்தார். ஆக, ஒரே ஊரின் தெருக்களில் நடந்த இருவரில் ஒருவர் மேற்கே போனார், மற்றவர் நம்மிடம் வந்தார். நம் குழுவினர் கிறிஸ்மஸ் ஆராதனையில் ஹாண்டேலின் அல்லேலூயா பாடும்போதும், முதியோர் மனப்பாடமாக ஞானப்பாட்டுப் பாடும்போதும் இந்த இரண்டு ஓடைகளும் கலக்கின்றன.

பண்டிதர் காலத்துத் தஞ்சையில் இவ்விரு மரபுகளும் அக்கம்பக்கமாக இருந்தன. அரண்மனையில் மேல்நாட்டு வாத்திய கோஷ்டி. பெரிய கோயிலில் நாகசுரம். ஆலயத்தில் பாமாலையும் கீர்த்தனையும். பிடில் அதற்கு முன்பே நம்முடையதாகியிருந்தது. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு வசப்படுத்திவிட்டார்கள். அந்தச் சூழலில் வாழ்ந்த ஒருவருக்கே, மேல்நாட்டுச் சுரமும் தமிழ்ச் சுரமும் ஒரே கணக்கில் அடங்குமா என்ற கேள்வி எழ முடியும்.

சுருதி எத்தனை?

இதுவே இக்கட்டுரையின் இருதயம். இசை அறியாதவர்களும் பொறுமையோடு வாசிக்கும்படி எளிமையாகவே எழுதுகிறேன்.

ஒரு தந்தியை மீட்டினால் கிடைப்பது ச என்று கொள்வோம். அதன் நீளத்தில் பாதியில் விரலை வைத்து மீட்டினால் மேல் ஸ்தாயி ச. அதிர்வு 2 மடங்கு. மூன்றில் இரண்டு பங்கு நீளம் ஒலிக்கும்படி வைத்தால் ப; அதிர்வு ஒன்றரை மடங்கு. இனி அந்தப் ப-வையே ச-வாக வைத்துக்கொண்டு அதற்குப் ப கண்டுபிடிப்போம். அதற்கும் ஒரு ப. இப்படியே 12 தடவை. பன்னிரண்டு சுரங்களையும் ஒரு சுற்றுத் தொட்டுவிட்டு, தொடங்கிய ச-வுக்கே 7 ஸ்தாயி மேலே வந்து நிற்க வேண்டும். ஏழு ஸ்தாயி என்றால் 128 மடங்கு. ஆனால் ஒன்றரையை 12 தடவை பெருக்கிப் பாருங்கள்: 129.746 வருகிறது. வட்டம் மூடவில்லை. உலகத்து இசை அறிஞர்கள் அத்தனை பேரையும் ஈராயிரம் ஆண்டுகளாக அலைக்கழித்த வித்தியாசம் இதுதான்.

வடமொழி மரபில் பரதரும், 13-ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் செய்த சார்ங்கதேவரும் ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்றார்கள். வித்துவான்களும் அதையே சொல்லிவந்தார்கள். ஆனால் அந்த 22 எந்த எந்த இடத்தில் நிற்கின்றன என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்துக்குப் போனார். அரங்கேற்று காதையையும் ஆய்ச்சியர் குரவையையும் அடியார்க்கு நல்லார் உரையோடு வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழுக்கும் உரை தரும் அலகுகள் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2. கூட்டினால் 22. இதில் என்ன புதுமை என்று பிறர் விட்டுவிட்ட இடத்தில் பண்டிதர் நின்றார். கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடுவது வழக்கில் வந்த நுட்பம். முழுக்கணக்கு 4, 4, 4, 2, 4, 4, 2, அதாவது 24 என்றார். பன்னிரண்டு இராசி வீடுகளை வட்டமாக வரைந்து சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலை முறையில், சுற்றி வந்த சுரம் தொடங்கிய வீட்டிலேயே அடைய வேண்டும். வட்டம் மூட வேண்டும் என்றால் இடைவெளிகள் ஒத்த அளவாக இருந்தே ஆக வேண்டும். ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று பழந்தமிழர் மேலும் மேலும் நுட்பமாகப் பகுத்துச் சென்றார்கள் என்பது அவர் கண்ட முடிவு.

இப்போது ஆலயத்து ஆர்மோனியத்தைத் திறந்து கட்டைகளைப் பாருங்கள். ஒரு ஸ்தாயியில் வெள்ளைக்கட்டை 7. அவற்றுக்கிடையே 5 இடங்களில் கருப்புக்கட்டை உண்டு. 2 இடங்களில் இல்லை. கருப்பு இருக்கும் இடத்தை 4 அலகு என்றும், இல்லாத இடத்தை 2 அலகு என்றும் வைத்து, நாலாம் கட்டையில் தொடங்கி மேலே எண்ணுங்கள்: 4, 4, 4, 2, 4, 4, 2. இளங்கோவடிகள் காலத்து இசை மரபுக்கு உரைகாரர் தந்த கணக்கைப் பண்டிதர் நிறைவு செய்தபடியே, பாரிஸில் 1840-களில் உருவான வாத்தியத்தின் கட்டைகள் நம் கண்முன்னே வரிசையாக நிற்கின்றன. இதை முதன்முதலில் எண்ணிப் பார்த்த நாளில் எனக்கு உண்டான பூரிப்பை எழுத்தில் சொல்ல இயலாது.

வெறும் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஆராதனைக்கு இதில் நேரடியான பயன் உண்டு. நம் சபையில் ஆண்களும் பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் சேர்ந்து பாடுகிறார்கள். ஆர்மோனியம் வாசிப்பவர் பாட்டுக்குப் பாட்டுச் சுருதியை மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு கட்டையில் ஒரு கீர்த்தனை, இரண்டு கட்டையில் அடுத்தது, குரல் உயர்ந்த சகோதரி தனிப்பாட்டுப் பாடினால் ஐந்தரைக் கட்டை. பெட்டியை ஒரு கட்டைக்கு மட்டும் சுத்தமான விகிதங்களில் சுருதி சேர்த்திருந்தால் என்ன ஆகும்? இரண்டாம் கட்டை ரி, அதன் அதிர்வு 9/8. ஆறாம் கட்டை த, அதன் அதிர்வு 5/3. இரண்டாம் கட்டையை ச-வாக்கினால் ஆறாம் கட்டை அதற்குப் ப ஆகும். 5/3-ஐ 9/8-ஆல் வகுத்தால் 1.4815, வேண்டியதோ 1.5. காது கூசும் அளவுக்குக் குறைவு. ஸ்தாயியைப் பன்னிரண்டு ஒத்த படிகளாக, படிக்கு 1.05946 மடங்கு என்று பகுத்தால், எந்தக் கட்டையில் தொடங்கினாலும் ப 1.4983-இல் நிற்கும். ஒன்றரைக்கு மிக அருகில். எந்தக் கட்டையும் ச ஆகலாம். சபை எந்தக் குரலில் பாடினாலும் பெட்டி உடன் வரும். ஒத்த படிகளால் ஆன பெட்டி இல்லாவிட்டால் பாமாலையையும் கீர்த்தனையையும் ஒரே ஆராதனையில், ஒரே வாத்தியத்தில், நினைத்த சுருதியில் பாட நமக்கு வழியில்லை.

ஆர்மோனியத்தின் மேல் சங்கீத உலகம் சுமத்திய குறைகளையும் மறைக்கக் கூடாது. கமகம் அதில் வராது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல அந்தப் பெட்டிக்கு இயலாது. அகில இந்திய வானொலி 1940-இல் அதை ஒதுக்கி வைத்து 1971 வரை உள்ளே விடவில்லை. கமகக் குறை நியாயமானது. தனி வித்துவான் தோடி ஆலாபனை செய்ய அது உகந்த வாத்தியம் அல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்நூறு பேர் சேர்ந்து பாடும் சபைக்குச் சுருதியைப் பிடித்து நிறுத்துவதே முதல் தேவை. அந்தத் தேவையை ஆர்மோனியம்போல் நிறைவேற்றிய வாத்தியம் தோட்டத்து ஆலயங்களுக்கு வேறு வாய்க்கவில்லை.

பண்டிதரின் 24-ஐ எல்லா அறிஞரும் ஏற்றார்கள் என்று சொல்ல முடியாது. விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ்நூலில் 22 அலகையே கொண்டார். அடிகளின் புலமைக்குத் தலை வணங்குகிறேன். ஆயினும் பாடி, மீட்டி, கணக்கிட்டு, எதிர்ப்போர் முன்னிலையில் வாசித்துக் காட்டி நிறுவ முனைந்த துணிவில் பண்டிதருக்கு இணை இல்லை என்பதே என் தீர்ப்பு.

மாநாடும் பரோடாவும்

ஏட்டில் எழுதிவிட்டு ஓயவில்லை அவர். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பை நிறுவித் தம் செலவிலேயே மாநாடுகள் கூட்டினார். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதலான வித்துவான்கள் கருணானந்தபுரத்துக்கு வந்தார்கள். சாதி சமய வேறுபாடு வேரோடியிருந்த காலத்தில், நாடார் குலத்தில் பிறந்த கிறிஸ்தவ வைத்தியர் ஒருவரின் தோட்டத்தில் சங்கீத வித்துவான்கள் கூடிச் சுருதி ஆராய்ந்தார்கள். 1916-இல் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியபோது பண்டிதர் தம் வீட்டுப் பெண்மக்களையும் அழைத்துப் போனார். அவர் கணக்கைச் சொல்ல, அவர்கள் வீணையில் வாசித்துக் காட்டினார்கள். குடும்பத்துப் பெண்கள் சபையில் பாடுவதே பழுதாகப் பேசப்பட்ட நாள் அது. மிரியாம் தம்புரு எடுத்துச் செங்கடற்கரையில் நின்றதை வாசித்து வளர்ந்த வீட்டுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

மறுஆண்டு, 1917-இல், கருணாமிர்த சாகரம் முதல் புத்தகம் வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டு முன்னரே மாணாக்கர் கற்பதற்காகக் கருணாமிர்த சாகரத் திரட்டு என்று தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட தமது பாடல்களைச் சுரக்குறிப்போடு அச்சிட்டிருந்தார். கீதம், கீர்த்தனை எல்லாம் தமிழில். பொருள் தேவ துதி. தெலுங்கில்தான் கீதம் தொடங்க வேண்டும் என்ற வழக்கு ஆண்ட காலத்தில், பிள்ளை முதல் பாடத்திலிருந்தே தமிழில் கர்த்தரைப் பாட அவர் வழி செய்தார். தமிழிசை இயக்கம் எழுந்ததற்கு முப்பது ஆண்டுக்கு முந்திய செயல் இது.

தோட்டத்து ஆலயங்களில்

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் இந்த மரபு வந்து சேர்ந்த வழி எளியது. லயத்துக்கும் பிரட்டுக்களத்துக்கும் அப்பால் தகரக் கூரையின் கீழ் ஓர் ஆராதனை இடம், கீர்த்தனைப் புத்தகம் ஒன்று, பெட்டி ஒன்று. கிராணியோ தோட்டப் பள்ளி வாத்தியாரோ உபதேசியாரோ பெட்டிக்கு முன் உட்காருவார். கைப்பெட்டியானால் இடது கை துருத்தியை அசைக்க, வலது கை ஒன்றுதான் கட்டைக்கு. கீர்த்தனைக்கு அது போதும். கால் ஆர்மோனியம் வந்தால் இரண்டு கையும் விடுபட்டு, பாமாலையின் நான்கு குரலையும் பிடிக்க முடிந்தது. நம் நாட்டு ஈரக் காற்றில் பித்தளை நாக்குகள் பச்சை பூத்துவிடும். சுரம் கம்மும். திருகாணியைக் கழற்றி, நாக்கை மெல்லச் சுரண்டித் துடைத்து மீண்டும் சேர்க்கத் தெரிந்தவரே அந்தத் தோட்டத்தின் இசை ஆசிரியர். விடிகாலையில் பால்வெட்டுக்குப் போய் வந்த கைகள் மாலையில் கட்டைமேல் ஓடின. பாபிலோன் ஆற்றங்கரையில் சுரமண்டலங்களை மரத்தில் தொங்கவிட்டவர்களின் துயரத்தை 137-ஆம் சங்கீதம் பாடுகிறது. ரப்பர் மரங்களுக்கிடையே நம் பாட்டன்மார் பெட்டியைத் திறந்து வாசித்தார்கள். அதனால்தான் கீர்த்தனை நம் பேரப்பிள்ளைகள் வரை வந்திருக்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று ஆலயத்தில் கீபோர்டு இருக்கிறது. சுருதி மாற்றும் பொத்தானை அழுத்தினால் போதும், எந்தக் கட்டையும் ஒரு கட்டை ஆகிவிடுகிறது. அந்தப் பொத்தானுக்குள்ளே இருப்பது மேலே சொன்ன பன்னிரண்டு ஒத்த படிகள்தான். பொத்தானை அழுத்துங்கள், தவறில்லை. அதற்கு முன் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். கீர்த்தனைத் தலைப்பில் உள்ள இராகத்தின் ஆரோகண அவரோகணத்தை வாசித்துப் பழகுங்கள். பெற்றோரே, பிள்ளையைப் பியானோ வகுப்புக்கு அனுப்புகிறீர்கள், மகிழ்ச்சி. தேர்வுச் சான்றிதழ் பெற்ற அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஒரு கீர்த்தனைக்காவது வாசிக்கட்டும். மூத்த ஆர்மோனியக்காரர்கள் கையில் உள்ளதை ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்கு இறக்கி வையுங்கள். பெட்டிக்கு இரு பக்கமும் ஆசானும் மாணாக்கனுமாக இருவர் உட்காரும் வழக்கம் நம் ஆலயத்தில் இந்த ஆண்டே தொடங்கட்டும்.

புத்தகம் நிறைவேறியது

பண்டிதர் 1919 ஆகஸ்ட் 31-ஆம் நாள் தஞ்சையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 60. சாகரத்தின் இரண்டாம் புத்தகம் கையெழுத்துப் படியாகவே நின்றது. சுருதிக் கணக்கை முதல் புத்தகம் நிறுவியது; அதைக் கொண்டு இராகங்களை எப்படி உண்டாக்குவது என்பதே இரண்டாம் புத்தகத்தின் பொருள். அந்தச் சுமையை மகள் மரகதவல்லி துரைப்பாண்டியன் ஏற்றார். தந்தையிடம் கற்றவர், வீணை வாசிப்பவர். பின்னாளில் பாணர் கைவழி என்ற யாழ் ஆராய்ச்சி நூலை எழுதித் தந்தையின் கொள்கைக்கு வந்த மறுப்புகளுக்கு விடை சொன்னவர் அவருடைய சகோதரர் வரகுண பாண்டியன். உலகப் போர் முடிந்து, காகிதம் அரிதாக இருந்த நாளில், 1946-இல், மரகதவல்லி இரண்டாம் புத்தகத்தை அச்சிட்டு வெளியிட்டார். அப்போது தந்தை மறைந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.